ஹோட்டன் சமவெளியிலே ஒரு சரித்திர நடை

மலைநாட்டுக்குக் கல்விச் சுற்றுலாச் செல்லும் எம்மவரிற் பலர் ஹோட்டன் சமவெளிக்கும் சென்று மீள்கின்றனர். அதிகாலைக் குளிரிலே நடுங்கியவாறு வாகனத்தை விட்டு இறங்குவதும், மூச்சு வாங்க நடந்து 'உலக முடிவு' என்னும் பாறை விளிம்பை அடைவதும், அங்கே முகில் மூடியிருந்தால் மனஞ் சலிப்பதும், மூடாதிருந்தால் நிழற்படம் எடுத்துக்கொள்வதும், பின்னர் பேக்கர் நீர்வீழ்ச்சியின் முன்னே மற்றுமொரு படம் எடுத்துக்கொண்டு திரும்புவதும் வழக்கமாகிவிட்டன. வீடு வந்த பிள்ளையிடம், "அங்கே என்ன கண்டாய்?" என்று கேட்டால், "பள்ளம் கண்டேன், அருவி கண்டேன்" என்பதற்கு மேல் விடை வருவது அரிது. ஹோட்டன் என்பவர் யார், பேக்கர் என்பவர் யார், அவர்கள் வருவதற்கு முன்னர் அந்த மலைக்குப் பெயரே இல்லாதிருந்ததா என்னும் வினாக்கள் பிள்ளையின் உள்ளத்தில் எழுவதில்லை. எழுப்புவாரும் இல்லை.

இவ்வினாக்களையே வழித்துணையாகக் கொண்டு, வேறு வழிகாட்டி எவரும் இன்றி, ஒரு குடும்பமோ ஒரு வகுப்பு மாணவரோ தாமே நடந்து பார்க்கத்தக்க நடையொன்றை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இங்கே எழுதுகின்றோம். சமவெளியின் நடைபாதை தெளிவானது. சுற்றிவந்து தொடங்கிய இடத்திலேயே முடிவது. மொத்தத் தூரம் ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவாகும். ஆகவே வழி தவறும் அச்சம் வேண்டா. கண் தவறுவதுதான் அச்சத்துக்குரியது. அநுராதபுரத்திலும் பொலநறுவையிலும் சரித்திரம் கல்லில் நிற்கின்றது, பலகையும் நாட்டியிருக்கின்றார்கள். இங்கோ அரண்மனையும் இல்லை, சாசனமும் இல்லை. புல்லையும் மரத்தையும் இடப்பெயரையும், சில வேளைகளில் இல்லாது போனவற்றையும் பார்த்தே சரித்திரத்தை அறிதல் வேண்டும்.

முதலில் இடத்தை அறிந்துகொள்வோம். நுவரெலியா மாவட்டத்திலே, கடல்மட்டத்துக்கு மேல் 2,100 மீற்றர் முதல் 2,300 மீற்றர் வரை உயர்ந்து கிடக்கும் மேட்டுநிலம் இது. பரப்பு ஏறத்தாழ 3,160 ஹெக்டெயர். பீதுருதாலகாலைக்கு அடுத்தபடியாக இந்நாட்டில் உயர்ந்து நிற்கும் கிரிகல்பொத்த, தொட்டுபொல என்னும் இரு சிகரங்களும் இதன் ஓரங்களிலேயே எழுகின்றன. இரு பருவக்காற்றுகளும் இங்கே மழை பொழிகின்றன. மழை பொழியாத வேளைகளில் முகில் மரங்களுக்கிடையே புகுந்து, இலைகளிலே நீராய்ப் படிகின்றது. இவ்வகையான மலை மழைக்காட்டை முகிற்காடு என்பர். அந்தக் காட்டுக்கு நடுநடுவே அகன்ற பத்தனாப் புல்வெளிகள் கிடக்கின்றன. 1969இல் இவ்விடம் இயற்கை ஒதுக்கிடமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010இல் இலங்கையின் மத்திய மலைநாடு உலக மரபுரிமையாக ஏற்கப்பட்டபோது, சிவனொளிபாத மலைக் காடும் நக்கிள்ஸ் மலைத்தொடரும் இதனுடன் சேர்ந்தே இடம்பெற்றன.

நடை வீட்டிலேயே தொடங்கவேண்டும் என்பது எமது கருத்து. புறப்படுவதற்கு முந்திய வாரத்தில், பிள்ளைகள் ஆளுக்கொரு சிறு கொப்பி எடுத்து, வரைபடத்திற் காணும் பெயர்களை ஒரு பக்கத்தில் எழுதட்டும். ஹோட்டன், பேக்கர், ஃபார் என்பன ஒரு நிரை. தொட்டுபொல, கிரிகல்பொத்த, பெலிஹுல் ஓயா என்பன மற்றொரு நிரை. முதல் நிரையில் உள்ளவை யாவும் ஆட்களின் பெயர்கள். இரண்டாம் நிரையில் உள்ளவை மலைக்கும் ஆற்றுக்கும் அங்கு வாழ்ந்தோர் வழங்கிய பெயர்கள். எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அந்தந்த இடத்துக்குச் சென்ற பின்னர், "இப்பெயர் எப்போது வந்தது, இதற்கு முன்னர் இங்கே வந்து போனவர் யார்?" என்று எழுதி நிரப்பட்டும். பெரிய ஆராய்ச்சி ஒன்றும் இல்லை. ஆயினும், இந்தக் கொப்பியோடு செல்லும் பிள்ளை காண்பது வேறு, வெறுங்கையோடு செல்லும் பிள்ளை காண்பது வேறு என்பதை நாம் மாணவரிடையே கண்டிருக்கின்றோம்.

கொப்பியின் முதற் பெயரை வீட்டிலிருந்தே நிரப்பிவிடலாம். 1834ஆம் ஆண்டிலே ஃபிஷர், வாட்சன் என்னும் இரு பிரித்தானியப் படை அதிகாரிகள் இம்மேட்டுநிலத்தைக் 'கண்டுபிடித்தனர்' என்று நூல்கள் கூறும். அப்போது தேசாதிபதியாக இருந்தவர் சேர் றொபேட் வில்மட் ஹோட்டன். 1831 முதல் 1837 வரை அவர் பதவி வகித்தார். தலைவரின் பெயரை நிலத்துக்குச் சூட்டுவது படையினர் வழக்கம், அவ்வாறே சூட்டினர். ஆனால் சிங்கள மக்கள் இவ்விடத்தை மகா எலிய என்று முன்னரே அழைத்துவந்தனர். அகன்ற வெட்டவெளி என்பது அதன் பொருள். பெயரிட்டவர் வந்து பார்க்காமலா பெயரிட்டிருப்பர்? பாடநூலில் 'கண்டுபிடித்தார்' என்ற சொல் வருமிடமெல்லாம், "யாருக்காகக் கண்டுபிடித்தார்?" என்று கேட்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுதற்கு இதனைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

இனி ஏற்றம். சமவெளிக்குப் பட்டிப்பொல வழியாகவும் ஒஹிய வழியாகவும் இரு வாயில்கள் உண்டு. பட்டிப்பொல வழியாக ஏறி ஒஹிய வழியாக இறங்கினால் சரித்திரத்துக்குப் பொருத்தமாக இருக்கும். புகையிரதம் ஓடும் நாளா என்பதை முன்னரே விசாரித்துக்கொள்க. வாகனத்திலே செல்வோரும் பட்டிப்பொல நிலையத்தருகே சற்று இறங்கி நிற்றல் நன்று. நிலையங்களுள் நாட்டிலேயே உயர்ந்தது இது. இதற்கும் ஒஹியவுக்கும் இடையிலே, 1,897 மீற்றர் உயரத்தில், பாதையின் உச்சி இருக்கின்றது. அருகே ஒரு சுரங்கம். அதன் ஒரு வாயிலில் மழைத்தூறலும் மறு வாயிலில் வெயிலுமாக இருப்பதைப் பிரயாணிகள் பலர் கண்டிருப்பர்.

1885இல் நானுஓயா வரை வந்து நின்ற இருப்புப்பாதை, 1894இல் பண்டாரவளையை எட்டியது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மலையைக் குடைந்தவர் யார்? மண் சுமந்தவர் யார்? தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக மலைநாடு வந்து சேர்ந்த தமிழ்த் தொழிலாளரே அவருட் பெரும்பாலோர். வழியில் மாண்டவர் தொகை பெரிது. பாதையில் எந்த நிலையத்துக்கும் அவருள் ஒருவர் பெயர் இல்லை. கொப்பியின் எதிர்ப்பக்கத்தில் இதனையும் எழுதச் சொல்லுக.

ஏறும் வழியிலே தேயிலையைக் கவனித்தல் வேண்டும். தேயிலைக்கு முன்னர் இங்கே கோப்பி. 1840ஆம் ஆண்டிலே பிறப்பிக்கப்பட்ட ஒரு கட்டளைச்சட்டம், உரிமை நிறுவப்படாத காடுகளையும் பயிரிடப்படாத நிலங்களையும் முடிக்குரியனவாகக் கொண்டது. தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே சேனை செய்தும் மாடு மேய்த்தும் வந்த கண்டிக் கிராமத்தானிடம் உறுதி ஏது? ஆகவே காடு அரசினரிடம் சென்று, அங்கிருந்து துரைமாரிடம் விலைப்பட்டது. மலைச்சரிவுகள் மொட்டையாயின. 1869இலே கோப்பி இலையிற் செந்நிற நோயொன்று தோன்றி, இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே அழித்தது. 1867இலே ஜேம்ஸ் ரெயிலர் லூல்கந்துரைத் தோட்டத்தில் நட்ட தேயிலை அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

கோப்பிக்கு வெட்டிய கோடரி சமவெளியின் காட்டை ஏன் வெட்டவில்லை? இந்நடையின் மையமான வினா இதுவே. குளிர் ஒரு காரணம். மற்றொரு காரணம், 1873ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட ஒரு தீர்மானம். இலண்டன் கியூ தாவரவியற் பூங்காவின் தலைவராக இருந்த சேர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 5,000 அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை வெட்டலாகாது என்று அரசாங்கம் விதித்தது. உச்சிக் காடு அழிந்தால் ஊற்றுகள் வற்றும், மண் கரையும் என்பது அக்கால அறிஞர் துணிபு. காட்டின் மீது கொண்ட அன்பினாலன்று, கீழேயுள்ள தோட்டங்களின் நீரைக் கருதியே இவ்விதி எழுந்தது என்று நாம் எண்ணுகின்றோம். அன்றியும், அக்கோட்டை மீறித் தேயிலை ஏறிய இடங்கள் பல. 6,000 அடி உயரத்து நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களே சான்று. ஆயினும், பட்டிப்பொலவைக் கடந்து சற்றுத் தூரம் சென்றதும் பயிர்நிலம் நின்று காடு தொடங்கும் இடத்தைப் பிள்ளைகள் காண்பார்கள். கடதாசியில் இட்ட கோடு நிலத்திலே தெரியும் இடம் அது. வாகனத்தை ஒரு நிமிடம் நிறுத்தலாம்.

வாயிலைக் கடந்து செல்கையில் தொட்டுபொல மலை தோன்றும். இராவணனுடைய புட்பக விமானம் இறங்கிய துறை அதுவென்றும், அநுமன் வாலில் மூண்ட தீயினால் எரிந்த காடே இன்றைய புல்வெளி என்றும் கதை வழங்குகின்றது. கதையைச் சரித்திரமென்று பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டா. அதற்காகச் சொல்லாமலும் விடவேண்டா. புல்வெளி தீயினால் உண்டானது என்று பழைய மனிதனும் நினைத்திருக்கின்றான் அன்றோ? அதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம். சிறிது நேரத்தில் ஆராய்ச்சியாளரும் ஏறக்குறைய அதனையே பேசக் கேட்போம்.

நடை தொடங்குமிடம் ஃபார் இன். தோமஸ் ஃபார் என்னும் தோட்டத்துரையின் பெயரால் வழங்கும் இது வேட்டைக்காரரின் குடிலாகத் தோன்றி, தங்குவிடுதியாகி, பின்னர் பார்வையாளர் நிலையமாயிற்று. இங்கே காவலர் பைகளைத் திறந்து பொலித்தீனையும் பிளாத்திக்கு உறைகளையும் அகற்றுவர். முணுமுணுக்காது கொடுத்துவிடுக. சோற்றை வாழையிலையிற் கட்டிச் சென்றால் இத்தொல்லையே இல்லை. காலை ஆறு மணியளவிலேயே இங்கு நிற்றல் வேண்டும். ஒன்பது, பத்து மணியானால் முகில் எழுந்து பள்ளத்தை மூடிவிடும். ஆதலின் சிறிய உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற ஒழுங்கிலே சுற்றுவது நன்று.

ஃபார் இன்னைக் கடந்ததும் விரியும் புல்வெளியிலே விரைந்து நடக்கலாகாது. எமது நடையில் அதிக நேரம் நிற்கவேண்டிய இடம் உலக முடிவு அன்று, இதுவே. அதிகாலையில் மரைகள் கூட்டமாக மேய்ந்து நிற்கும். மனிதரைக் கண்டு அஞ்சாத மரைக்கு உணவு கொடுப்பாரும் உளர். அது கொடுப்போருக்கும் தீங்கு, மரைக்கும் தீங்கு. சிறுத்தையும் இங்கே உண்டு, ஆனால் பகலிற் காண்பது அருமை. பிள்ளைகளிடம் கேட்கவேண்டியது: "இங்கே எந்த விலங்கு இல்லை?"

யானை இல்லை. இவ்வளவு புல்லும் நீரும் உள்ள இடத்தில் யானை ஏன் இல்லை? இருந்தது. 1840களிலும் 1850களிலும் இங்கு வந்த வேட்டைக்காரர் யானைக் கூட்டங்களைப் பற்றி எழுதியிருக்கின்றனர். எழுதிய கையோடு சுட்டும் இருக்கின்றனர். பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் றொஜர்ஸ் என்பவர் ஒருவரே 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாக அக்காலத்தார் குறித்துவைத்தனர். 1845இலே அப்புத்தளையில் இடி விழுந்து அவர் இறந்தார். யானைகளைக் கொன்ற பாவமே இடியாய் விழுந்தது என்று மலைநாட்டிற் சொல்லிக்கொள்வதுண்டு. இடிக்குப் பாவ புண்ணியம் தெரியுமோ, அறியோம். ஆனால் கொலைக்கு அரசாங்கமே சன்மானம் கொடுத்தது என்பது மெய். வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம், 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் 3,500 யானைகளுக்குச் சன்மானம் வழங்கப்பட்டதென எமர்சன் டெனன்ற் தமது நூலிலே கூறுகின்றார். வன்னிக் காட்டுக்கும் இந்த மலைப் புல்வெளிக்கும் இப்படியும் ஓர் உறவு.

இன்னொரு விந்தையும் உண்டு. விலங்குகள் அருகியதை முதலில் உணர்ந்து கவலையுற்றவர்களும் வேட்டைக்காரரே. 1894இல் துரைமார் சிலர் கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவினர். இன்றைய வனசீவராசிகள் பாதுகாப்பு முயற்சிகளுக்கு அதுவே இந்நாட்டில் முன்னோடி. சுடுவதற்கு விலங்கு மிஞ்சவேண்டுமே என்ற கவலையிலிருந்து, விலங்கு வாழவேண்டுமே என்ற கவலைக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் சென்றன.

இப்போது காலடியைப் பார்ப்போம். இந்தப் புல்லுக்கடியிலே, பள்ளமான இடங்களில், கரிய சதுப்புமண் பல மீற்றர் ஆழத்துக்குப் படிந்திருக்கின்றது. குளிரிலே புல்லும் இலையும் உக்காது அடுக்கடுக்காகச் சேர்ந்த மண் அது. அந்தந்தக் காலத்திற் பறந்த மகரந்தமும் அதனுள்ளே அழியாது கிடக்கின்றது. ஆராய்ச்சியாளர் இம்மண்ணைக் குழாயினாற் குத்தி எடுத்து, ஏறத்தாழ 24,000 ஆண்டுகளின் மழையையும் வரட்சியையும் அதில் வாசித்திருக்கின்றனர். பழைய ஏட்டைப் படிப்பதுபோலத்தான். அடியில் உள்ள ஏடு முந்தியது. பலாங்கொடைப் பண்பாட்டைச் சேர்ந்த கற்கருவிகளும் இச்சமவெளியிலே கிடைத்துள்ளன. கீழேயுள்ள குகைகளில் வாழ்ந்த அம்மக்கள் வேட்டைக்காக இங்கே ஏறிவந்தனர் என்றும், அவர்கள் இட்ட தீயினாற் புல்வெளி அகன்றிருக்கலாம் என்றும் கருதுவாருளர். மண்ணின் இயல்பினாலும் உறைபனியினாலுமே மரம் வளரவில்லை என்பாரும் உளர். மிகப் பழைய காலத்திலேயே இங்கு தானியம் விளைந்தது என்று மகரந்தத்தைக் கொண்டு கூறும் கொள்கையும் ஒன்றுண்டு. அதனை எல்லாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இவற்றுள் எதனைத் தெரிவது என்பதைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடலாம். 1834க்கு முன்னர் இவ்விடத்துக்குச் சரித்திரம் இல்லை என்று மட்டும் எவரும் சொல்லமுடியாது.

சதுப்பிலிருந்து சிறு சிறு ஓடைகள் கசிகின்றன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் இம்மேட்டுநிலம் ஊற்றாகின்றது. மகாவலி எங்கே கடலிற் சேர்கின்றது? மூதூர்க் கரையிலே, கொட்டியாரக் குடாவில். மூதூரில் வயல் செய்யும் குடும்பத்துப் பிள்ளை எவரேனும் கூட்டத்தில் இருந்தால், அவரை அழைத்து இந்த நீரைத் தொடச் சொல்லுக.

பாதை காட்டினுள் நுழைகின்றது. குடை பிடித்தாற்போற் கவிந்த குறுமரங்கள், பாசி தொங்கும் கிளைகள், ஈரம். கீன மரமே இங்கு மிகுதி. செந்நிறப் பூவுடைய மரத்தைச் சிங்களத்திலே மகா ரத்மல் என்பர். பெரிய செம்பூ என்றவாறு. கீழே செறிந்து நிற்கும் நெலுச் செடிகள் எமது குறிஞ்சியின் இனம். பல ஆண்டுகள் பூவாதிருந்து, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அளவிலே ஒருங்கே பூத்து மடிவன அவற்றுட் சில. குறிஞ்சித்திணையைப் பாடமாகப் படித்தும் குறிஞ்சிச் செடியைக் காணாத மாணவர்க்கு ஆசிரியர் இதனைக் காட்டுவது கடமை. மூக்கிலே கொம்புடைய ஓணானும் இங்கு உண்டு. மலைத் தேவாங்கு ஒன்று அழிந்தேபோயிற்று என்று எண்ணியிருந்த காலையில், 2009இல் இக்காட்டிலேயே அது படமெடுக்கப்பட்டது. மரங்கள் சில நின்ற நிலையிலே பட்டுப்போயிருப்பதையும் காணலாம். 1970களின் இறுதியிலிருந்து கவனிக்கப்பட்டுவரும் நோய்மை இது. காரணம் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை.

சிறிய உலக முடிவைக் கடந்து பெரிய உலக முடிவை அடைந்தால், ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தான வீழ்ச்சி. அதனைப் பற்றி எழுதாதவர் இல்லையாதலின் நாம் எழுதவேண்டியதில்லை. பிள்ளைகளை விளிம்புக்கு அருகே விடாது, ஆசிரியர் ஒருவர் முன்னே நிற்பாராக. காட்சியைப் புகழ்ந்து முடித்த பின்னர், நேர் கீழே பார்க்கச் சொல்லுக. பச்சைச் சரிவிலே சிறு சிறு கூரைகள் தெரியும். அது ஒரு தேயிலைத் தோட்டம். நொன்பரெய்ல் என்று துரைமார் பெயரிட்டனர். தமக்கு ஒப்பில்லாதது என்று பிரெஞ்சு மொழியில் அதற்குப் பொருள். தோட்டத்து மக்கள் நாவிலே அது நன்பெரியல் ஆயிற்று. நன்மையும் பெருமையும் சேர்ந்து ஒலிக்கின்ற தமிழ்ப் பெயர்! இந்த நடை முழுவதிலும் தமிழ்த் தொழிலாளர் நாவினால் ஆக்கப்பட்டதாக நாம் காணும் பெயர் இஃதொன்றே. அதுவும் சமவெளியில் அன்று, அதன் காலடியில் இருக்கின்றது. மேலே நின்று பார்ப்பவர்க்கு 'உலகம் முடிகின்ற' இடம், கீழே உள்ளவர்க்குக் காலையிற் கொழுந்துக் கூடையோடு ஏறும் மலை. கொப்பியிலே இதற்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கலாம்.

அங்கிருந்து பேக்கர் நீர்வீழ்ச்சி. இறக்கம் வழுக்கும், முதியோர் தடி ஊன்றுதல் நன்று. பெலிஹுல் ஓயா இருபது மீற்றர் அளவு விழுகின்றது. இந்த நீர்தான் வளவை கங்கையிற் கலந்து தென்னாட்டு வயல்களுக்குப் பாய்வது. சாமுவேல் பேக்கர் 1840களின் பிற்பகுதியிலே நுவரெலியாவிற் குடியேறி, இங்கிலாந்திலிருந்து மாடுகளும் விதைகளும் தொழிலாளரும் வருவித்து, ஓர் ஆங்கிலக் கிராமத்தையே அமைக்க முயன்றவர். 1855 வரை வாழ்ந்து, அவ்வாண்டிலேயே தம் எட்டாண்டு அனுபவங்களை நூலாகவும் வெளியிட்டார். பின்னர் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடி ஆபிரிக்கா சென்று, 1864இலே அல்பேட் ஏரியைக் கண்டு பெரும்புகழ் பெற்றவரும் அவரே. மரைகளை வேட்டைநாய்களை ஏவி விரட்டி, நீரிலே மடக்கி, கத்தியாற் குத்திக் கொல்வது அவருக்குப் பிரியமான விளையாட்டு. துப்பாக்கியினும் இது வீரம் என எண்ணினார். அவருடைய எழுத்தில் உயிரோட்டம் உண்டு. மலைநாட்டின் மண், மழை, பயிர் பற்றிய கூர்மையான அவதானிப்புகளும் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் அந்நூல்களைத் தேடிப் படிப்பதை நாம் ஊக்குவோம். படித்துவிட்டு, மரை நீர் குடிக்கும் இந்த ஆற்றங்கரையில் நின்று, அருவிக்கு அவர் பெயர் தகுமா என்று விவாதம் செய்யட்டும். தகும் என்ற கட்சிக்கும் சொல்ல நியாயம் இருக்கவே செய்கின்றது. நீக்கிவிட்டால் அவர் செய்தது இன்னதென்று கேட்பாரும் இல்லாது போய்விடுவார்கள்.

திரும்பும் வழி பெரும்பாலும் புல்வெளியூடாகச் செல்கின்றது. களைத்த பிள்ளைகள் விரைந்து செல்ல முற்படுவர். அவர்களைச் சற்று இருத்தி, ஆறுதலாகச் சோறு உண்ணச் செய்து, கடைசிச் செய்தியைச் சொல்லலாம். இது வெள்ளையர் காலத்தது அன்று. சுதந்திரம் பெற்ற பின்னர், 1960களிலே, இந்தச் சமவெளியின் புல்வெளிகளில் ஒரு பகுதி உழப்பட்டு உருளைக்கிழங்கு பயிரிடப்பட்டது. வெளிநாட்டுக் கிழங்குக்குப் பணம் கொடுக்கலாகாது, விதைக்கிழங்கை நாமே விளைவிக்கவேண்டும் என்பது அக்காலக் கொள்கை. கொள்கை நல்லதே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் அக்காலத்தில் உருளைக்கிழங்கிலே நல்ல பயன் கண்டனர். ஆயினும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் புரளாது கிடந்த மண்ணை ஏர் புரட்டியது. 1969இலே இயற்கை ஒதுக்கிடமாக்கிய பின்னரே காப்புக்கு வழி பிறந்தது. புல் மீண்டும் மூடிக்கொண்டது. ஆனால் உழுத இடத்திலே முளைத்த புல்லும் உழாத இடத்துப் புல்லும் ஒன்றல்ல என்று தாவரவியலார் கூறுவர். மஞ்சட் பூவும் முள்ளும் உடைய கோர்ஸ் என்னும் புதரும் ஆங்காங்கு தெரியும். ஆங்கிலேயர் தம் ஊர் நினைவாகக் கொணர்ந்த செடி. இன்று அதனைப் பிடுங்கி எறிய ஆட்கள் மெனக்கெடுகின்றனர். ஓடைகளிலே துள்ளும் திறவுட் மீனும் தூண்டிற் பொழுதுபோக்குக்காக அவர்கள் கொணர்ந்து விட்டதே.

காடு எங்கே போய்விடும், அது எப்போதும் இருக்கும் என்று எண்ணுகின்ற பிள்ளைக்கு இந்த உருளைக்கிழங்கைப் பற்றிச் சொல்லுதல் மிக அவசியம். 1873இல் ஒருவர் கையெழுத்தால் நின்ற காடு, 1960களில் இன்னொருவர் கையெழுத்தால் ஏரைக் கண்டது. 1969இல் மற்றொரு கையெழுத்து வந்தது. இப்போது பாடசாலையிலே படிப்போருள் நாளை அத்தகைய கடதாசிகளிற் கையெழுத்திடப்போவோரும் இருப்பர்.

நண்பகலுக்குள் ஃபார் இன்னுக்கு மீண்டுவிடலாம். சிறு பிள்ளைகளும் முதியோரும் உள்ள கூட்டமாயின் ஒரு மணிநேரம் கூட்டிக்கொள்க. மழைச்சட்டை, கம்பளி மேலங்கி, மாற்றுக் காலுறை, குடிநீர் என்பன போதும். பாட்டுப்பெட்டி வேண்டவே வேண்டா.

இறங்குவது ஒஹிய வழியாக. பத்துக் கிலோமீற்றர் அளவான வளைவுப் பாதை, இருமருங்கும் காடு. கையடக்கத் தொலைபேசியில் உயரம் காட்டும் வசதி உள்ளவர் அதனை ஒரு பிள்ளையிடம் கொடுத்து, வெளியே பார்த்துக்கொண்டு வரச் சொல்லலாம். முதற் தேயிலைச் செடி எந்த உயரத்தில் தென்படுகின்றதோ, அந்த எண்ணைக் கொப்பியிலே குறித்துக்கொள்ளட்டும். ஒஹிய நிலையம் ஏறத்தாழ 1,770 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. 5,000 அடியோ 1,524 மீற்றர். கழித்துப் பார்க்கும் வேலையை வண்டி வரும்வரை நிலைய வாங்கில் இருந்து அவர்களே செய்துகொள்வார்கள்.